கொத்துக்கறி சோள ரொட்டி: இரும்புச் சட்டியா, எனாமல் தட்டா, கண்ணாடியா?

மூன்றாவது தடவையும் ரொட்டியின் அடிப்பக்கம் களி மாதிரி வந்தபோதுதான் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. அதுவரைக்கும் மாவையும் சோடாவையும்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பண்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இதை டமாலி பை என்கிறார்கள். மாட்டுக் கொத்துக்கறியை வெங்காயம், பூண்டு, மிளகாய், சீரகம், தக்காளி போட்டுச் சுருள வதக்கி, அதன் மேல் மக்காச்சோள மாவுக் கரைசலை ஊற்றி அவனில் வேகவைப்பது. மெக்சிகோக்காரர்களின் டமாலி வேறு. அது சோள மாவுக்குள் கறி வைத்து, கதிரின் மேல் தோலில் பொதிந்து, ஆவியில் அவிப்பது. நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். ஒவ்வொன்றாகப் பொதிந்து கட்டப் பொறுமை இல்லாத அமெரிக்க வீடுகளில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் குறுக்கு வழி பரவியது. ஹூஸ்டனில் இருக்கும் என் நாத்தனார் கிறிஸ்துமஸுக்குக் காரைக்குடி வந்திருந்தபோது செய்து காட்டிவிட்டுப் போனார். அவர் விமானம் ஏறினார், பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது.

என் வீட்டில் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி, மேடை மேல் வைக்கிற சின்ன மின்சார அவன். அதில் மூன்று பாத்திரங்களையும் வைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது என் கை போவது இரும்புச் சட்டிக்குத்தான். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப் போவதில்லை.

பாத்திரத்துக்கு முன்னால் மாவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பாதிப் பேர் இங்கேயே தவறிவிடுகிறார்கள். கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கேட்டால் சூப்பில் கரைக்கிற வெள்ளை ஸ்டார்ச்சைத்தான் கொடுப்பார்கள். அது ஆகாது. வடநாட்டு ரொட்டிக்கான மக்காச்சோள மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது, ஆனால் ரொம்ப நைஸ். நான் காய்ந்த மக்காச்சோளம் வாங்கி மில்லில் ரவைப் பதத்துக்கு உடைத்துக்கொள்கிறேன். தீவனக் கடையில் வாங்காதீர்கள். கோழிக்குப் போகிற சோளத்தில் பூஞ்சை இருந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. மில்லில் நம் முறை மிளகாய்த்தூளுக்கு அடுத்து வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு அப்புறம் போடச் சொல்லுங்கள். முளைப்பகுதியில் எண்ணெய் இருப்பதால் இந்த மாவு சீக்கிரம் காறிப்போகும். ஒரு கிலோவுக்கு மேல் அரைக்க வேண்டாம், மீதியை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அளவு: கறி அரை கிலோ. சோள மாவு 1 கப், மைதா அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு, முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், தண்ணீர் விட்டுக் கடைந்த தயிர் ஒன்றேகால் கப். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் பட்டர்மில்க் நம் மோர் இல்லை, கெட்டியாக இருக்கும், அதனால்தான் தயிர். கரைசல் வெள்ளைப் பணியார மாவை விடக் கொஞ்சம் கெட்டி. சர்க்கரை போடலாமா என்று அமெரிக்கர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்: வடக்கே போடுவார்கள், தெற்கே போடமாட்டார்கள். நான் தெற்கத்திக்காரி.

சரி, பாத்திரம்.

கண்ணாடி ட்ரேயைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பார்க்க அழகு. கறி ஒரு அடுக்கு, மஞ்சள் ரொட்டி ஒரு அடுக்கு என்று வெளியிலிருந்தே தெரியும், விருந்தாளி முன் வைக்கலாம். புளிப்பு எதுவும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அடுப்பில் வைக்க முடியாது. கறியை வேறு சட்டியில் வதக்கி இதில் மாற்ற வேண்டும், மாற்றுகிற நேரத்தில் கறி ஆறுகிறது, கண்ணாடியும் சூட்டை உறிஞ்சுகிறது. ஆறின கறி மேல் கரைசலை ஊற்றி அவனில் வைத்தால் மேல்பக்கம் பொன்னிறமாகிவிடும், கறியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பக்கம் வேகாது. என் மூன்று களிகளும் இப்படி வந்தவைதான். 35 நிமிஷம் வைத்துப் பார்த்தேன். அடி வெந்தது, மேலே முறுகலாகிக் கறுத்துப்போனது. அப்புறம், வெளியில் எடுத்த கண்ணாடியை ஈரமான கிரானைட் மேடையில் வைத்துவிடாதீர்கள். நான் வைக்கவில்லை, வைத்த வீட்டை எனக்குத் தெரியும்.

எனாமலுக்கு வருவோம். காரைக்குடியில் இருந்துகொண்டு எனாமலை நினைக்காமல் இருக்க முடியாது. பர்மா, மலாயா என்று வியாபாரத்துக்குப் போன நகரத்தார் வீடுகளில் ஸ்வீடன் எனாமலும் ஜப்பான் எனாமலும் அடுக்கடுக்காகக் குவிந்தன. வீடு பிரித்துக் கொடுக்கும்போது அவை முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. ஒரு சனிக்கிழமை மதியம் அங்கே போய் அரை மணி நேரம் தூசி தட்டியதில், நீல விளிம்பு போட்ட ஒரு நீள்வட்டத் தட்டு என் கண்ணில் பட்டது. கடைக்காரர் அதை விரல் கணுவால் தட்டிக் காட்டினார். மணி மாதிரி ஒலித்தது. வீட்டுக்கு வந்து கழுவியபோதுதான் ஒரு மூலையில் மிளகு அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. எனாமல் என்பது தகட்டின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு. ஓர் இடத்தில் உடைந்தால் அங்கே தகடு துருப்பிடிக்கும், துரு பூச்சுக்கு அடியில் ஓடும், ஓரத்தில் இருப்பது செதிலாகப் பெயரும். சோற்றில் கல் என்றால் துப்பிவிடலாம், கண்ணாடிச் செதில் வேறு விஷயம். போதாததற்கு, பழைய எனாமலில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்குக் காட்மியம் சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கம். அந்தத் தட்டு இப்போது எங்கள் கூடத்தில் சாவி போடும் தட்டு. லட்சணமாகத்தான் இருக்கிறது.

சமையலுக்கு என்று புதிதாக ஒரு வெள்ளை எனாமல் ட்ரே வாங்கினேன். இதைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, நாலு தடவைதான் செய்திருக்கிறேன். பார்த்த வரைக்கும் நல்ல பாத்திரம். எடை குறைவு, சீக்கிரம் சூடேறும், சின்னத் தீயில் அடுப்பிலும் வைக்கலாம். தகடு மெல்லிசு என்பதால் கறி வதக்கும்போது நடுவில் மட்டும் பிடிக்கிறது. ஒரு வருஷம் கழித்து அதன் மூலைகள் எப்படி இருக்கும் என்று இப்போது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இனி இரும்பு. நான் வாங்கியது 10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி, இரண்டு பக்கமும் காது வைத்தது. காது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீளக் கைப்பிடி வைத்ததை ஓடிஜிக்குள் விட்டால் கதவு மூடாது. கடைக்குப் போகும் முன் அடுப்பின் உள்பக்கத்தை நூல் வைத்து அளந்துகொண்டு போங்கள். எடை 2 கிலோவுக்கு மேல். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

இதில் வேலை நடக்கும் விதமே வேறு. சட்டியைச் சின்னத் தீயில் 10 நிமிஷம் காயவிடுகிறேன், வார்ப்பிரும்பில் சூடு மெதுவாகத்தான் பரவும். கறியை அதிலேயே போட்டு, கிளறாமல் ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கவிட்டு, அப்புறம் உடைத்துவிட்டு, மற்றதையெல்லாம் சேர்க்கிறேன். சீரகம், மிளகாய்த்தூளோடு ஒரு சிட்டிகை கல்பாசி என் கைச்சரக்கு, டெக்ஸாஸ்காரர்கள் மன்னிக்கட்டும். கறி தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே கரைசலை மேலே ஊற்றி, அப்படியே சட்டியோடு 200 டிகிரியில் தயாராக இருக்கும் அவனுக்குள் தள்ளுகிறேன். கீழே கறி கொதிக்கிறது, மேலே கம்பி சுடுகிறது, நடுவில் மாட்டிய ரொட்டிக்கு வேகாமல் வழியில்லை. 25 நிமிஷம். விளிம்பில் இரும்பைத் தொட்ட இடமெல்லாம் பணியார ஓரம் மாதிரி மொறுமொறுப்பு. என் பையன்கள் இரண்டு பேரும் நடுப்பகுதியை எனக்கு விட்டுவிட்டு ஓரத்தைச் சுரண்டுகிறார்கள்.

இவ்வளவு நல்லது என்றால் எல்லாரும் இரும்பே வாங்கலாமே? பராமரிப்புதான் பிரச்சினை. இதை விவரமாகச் சொல்கிறேன், இரண்டு மாதம் நான் அழுதது இதற்குத்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதுபோக மிச்சத்தைச் சட்டியிலேயே மூடி வைத்துவிட்டேன். காலையில் எடுத்தால் கறி சாம்பல் நிறம், வாயில் வைத்தால் பழைய ஐந்து பைசாவை நக்கிய ருசி. தக்காளியின் புளிப்பு ராத்திரி முழுக்க இரும்பைத் தின்றிருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லைதான், ஆனால் யார் சாப்பிடுவது? சட்டியை ஊறவைத்துப் பச்சை நாரால் தேய்த்துக் கவிழ்த்தேன். சாயங்காலம் மஞ்சளாகத் துரு. சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசிக்கு ஊரே பெருமைப்படும். துருவுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

வார்ப்பிரும்பின் கறுப்புப் பளபளப்பு இரும்பின் நிறம் இல்லை. எண்ணெய் சூட்டில் இறுகிப் படிந்த படலம் அது. அந்தப் படலம்தான் ஒட்டாமல் காப்பதும், துருவைத் தடுப்பதும். அதை உண்டாக்குவதைத்தான் சட்டியைப் பழக்குவது என்கிறோம். தோசைக்கல்லையும் பணியாரக்கல்லையும் கஞ்சித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, வெங்காயம் வதக்கிப் பழக்கிய வீட்டுக்கு இது புதிதில்லை. ஆனால் தோசைக்கல்லில் நாம் தக்காளியைக் கொதிக்கவைப்பதில்லை. அதனால் இந்தச் சட்டிக்குப் படலம் இன்னும் கெட்டியாக வேண்டும்.

நான் செய்தது இது. துருவைத் தேய்த்து எடுத்து, கழுவி, அடுப்பில் வைத்துச் சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்தேன். சூட்டோடு நல்லெண்ணெய் தடவி, உடனே பழைய பருத்தித் துணியால், தடவியதே தப்பு என்பதுபோல் அத்தனையையும் துடைத்தேன். மினுமினுப்பு தெரிந்தால் எண்ணெய் அதிகம், பிசுபிசுத்துப்போகும். சட்டியைக் கவிழ்த்து ஓடிஜியில் 230 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் உள்ளேயே ஆறவிட்டேன். புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இப்படி நாலு சுற்று. 1500 வாட் அடுப்பு என்றால் நாலு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 6 யூனிட். தேங்காயெண்ணெயில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அது காய்ந்து இறுகும் சாதி எண்ணெய் இல்லை. ஆளிவிதை எண்ணெய் நன்றாக இறுகும், கண்ணாடி மாதிரி வரும், ஆனால் எனக்கு இரண்டாவது மாதம் அந்தப் படலம் உரிந்துவிட்டது.

அத்தை இதையெல்லாம் பார்த்துவிட்டு, “என்னத்தா, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுற மாதிரி பண்ணுற?” என்றார். அவர் காலத்து இருப்புச்சட்டிக்கு யாரும் இப்படிச் செய்ததில்லை. தினமும் எண்ணெயில் பொரித்துப் பொரித்தே அது பழகிவிட்டது. அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது: சும்மா தொங்குகிற சட்டிதான் கெட்டுப்போகும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் சுக்காவுக்கும் அதையே எடுக்கிறேன். படலம் இப்போது கண்ணாடியில் முகம் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது.

தக்காளிக்கு என் வழி: இரண்டு பழத்துக்கு மேல் போடுவதில்லை, அதையும் தனியாக வதக்கித் தண்ணீர் சுண்டின பிறகு சேர்க்கிறேன். தக்காளி சட்டியில் இருக்கும் நேரம், அவனையும் சேர்த்து, 40 நிமிஷத்தைத் தாண்டாது. சாப்பிட்டு எழுந்ததும் மிச்சம் எவர்சில்வர் டப்பாவுக்குப் போய்விட வேண்டும். சட்டியை வெந்நீரும் மென்மையான நாரும் வைத்துக் கழுவலாம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டால் ஒன்றும் ஆகாது; சோப்பே கூடாது என்பது காரச் சோப்புக் காலத்துப் பயம். கழுவியதும் அடுப்பில் காயவைத்து ஒரு துளி எண்ணெய். மொத்தம் 5 நிமிஷம். அந்த 5 நிமிஷத்தை வேலைக்கார அக்காவிடம் விடுவதில்லை, முதல் நாள் அவரும் சாம்பலும் சேர்ந்து என் இரண்டு சுற்று உழைப்பைத் துடைத்துவிட்டார்கள். அவர் மேல் தப்பில்லை, பாத்திரம் என்றால் பளிச்சென்று வெள்ளையாக வேண்டும் என்று பழகிய கை.

ராத்திரி செய்து காலையில் சூடுபண்ணிச் சாப்பிடுகிற வீடு என்றால், அல்லது கறியில் புளிப்புத் தூக்கலாக வேண்டும் என்றால், புது எனாமல் ட்ரே வாங்கிக்கொள்ளுங்கள். கறியைத் தனிச் சட்டியில் வதக்கி, ட்ரேயை முன்கூட்டியே அவனில் சூடாக்கி, கறியைக் கொதிக்கக் கொதிக்க மாற்றிவிட்டால் அடி வேகும். போன வாரம் நாத்தனாரிடம் வீடியோவில் சட்டியைக் காட்டினேன். அவர் ஹூஸ்டனில் அலுமினிய ஃபாயில் ட்ரேயில் செய்து, சாப்பிட்டதும் தூக்கிப் போட்டுவிடுகிறாராம்.