கால் ஆஃப் டூட்டியா, திஸ் வார் ஆஃப் மைனா?

போர் கேம்களில் இந்த இரண்டையும் ஆடி முடித்துவிட்டு, நான் வைத்துக்கொண்டது திஸ் வார் ஆஃப் மைன். போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014-இல் வெளியிட்டது. கிராபிக்ஸ், வேகம், துப்பாக்கிச் சத்தம் எல்லாவற்றிலும் கால் ஆஃப் டூட்டிதான் முன்னால் நிற்கிறது, அதில் போட்டியே இல்லை.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: ஒரு ஆள் செத்தால் அப்புறம் என்ன ஆகிறது?

நாம் படைவீரராகச் சுட்டு ஆடும் கால் ஆஃப் டூட்டி தொடரில் குண்டடி பட்டால் சுவர் மறைவில் சில நொடி ஒதுங்கினால் போதும், உடம்பு தேறிவிடும். செத்தாலும் சற்று முன்னாலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். அதனால் பயம் தங்குவதில்லை, படபடப்புதான் மிஞ்சுகிறது. அந்தத் தொடரில் 2007-இல் வந்த மாடர்ன் வார்ஃபேரில் விமானத்திலிருந்து சுடும் கட்டத்தில், கீழே ஓடுகிறவர்கள் வெறும் வெள்ளை உருவங்கள். சுடும்போது எனக்கு உறுத்தவே இல்லை. அதே கேமில் அணுகுண்டு வெடித்தபின் நாம் இயக்கி வந்த வீரர் தவழ்ந்தே சாகும் காட்சி நிஜமாகவே உலுக்கியது. ஆனால் அடுத்த கட்டத்திலேயே வேறொரு வீரராகத் துப்பாக்கி ஏந்தியாக வேண்டும்.

திஸ் வார் ஆஃப் மைன், போஸ்னியாவின் தலைநகரான சராயேவோவில் 1992-இல் தொடங்கிய முற்றுகையை மனதில் வைத்து உருவானது. இதில் நாம் இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் பொதுமக்கள். பகலில் மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர் பயம், வெளியே தலைகாட்ட முடியாது. இரவில் ஒருவர் மட்டும் உணவும் மருந்தும் தேடிப் போகிறார். எதிர்த்து நிற்கத் தெம்பில்லாத ஒரு முதிய தம்பதியின் வீடும் வழியில் வரும். அங்கே திருடினால் பசி தீரும், ஆனால் திருடியவரும் கூட இருப்பவர்களும் மனம் ஒடிந்துபோவார்கள். முற்றினால் சொன்ன வேலையைக்கூடச் செய்யாமல் உட்கார்ந்துவிடுவார்கள். நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் முடியாது. செத்தவர் செத்தவர்தான், அந்தத் துக்கத்தோடு மற்றவர்களை அடுத்த நாளுக்குக் கொண்டுபோக வேண்டும். இதைப் பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020-இல் அறிவித்தது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

குறையும் உண்டு. இரண்டாம் முறை ஆடும்போது எங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடுவதால் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. படைவீரரின் பக்கமும் இதில் அவ்வளவாக இல்லை. அதற்கு 2016-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 1 என்ற இன்னொரு போர் கேமின் தொடக்கத்தை ஆடிப் பார்க்கலாம், சாகும் ஒவ்வொரு வீரரின் பெயரும் வாழ்ந்த ஆண்டுகளும் திரையில் வரும்.

கால் ஆஃப் டூட்டியை நான் பெரும்பாலும் தனியாகத்தான் ஆடினேன். மல்டிபிளேயரில் நண்பர்களோடு ஆடுகிறவர்களுக்கு அது முதன்மையாக ஒரு போட்டி, போரைப் பற்றிய கதையாகவே தோன்றாமல் இருக்கலாம். அவர்களுக்கு என் அளவுகோல் பொருந்தாது.