கமா, பைப், டேப்: பத்து வருட எக்ஸ்போர்ட் அனுபவம்

டேபிளை ஃபைலாக இறக்கி இன்னொரு டேட்டாபேஸில் ஏற்றுவது எனக்கு அன்றாட வேலை. புலங்களைப் பிரிக்கும் குறியாக (டெலிமிட்டர்) எது நல்லது என்று புதிதாக வருபவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைப் (|) குறிதான் நினைவுக்கு வரும்.

முகவரிப் புலத்தில் கமா வந்து தொல்லை கொடுத்ததால் பைப்புக்கு மாறியிருந்தேன். யார் அதைத் தட்டச்சு செய்யப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒருவர் குறிப்புப் புலத்தில் ‘காலை | மாலை’ என்று எழுதினார். அந்த ஒரு வரியில் மட்டும் ‘மாலை’ தொலைபேசிப் புலத்துக்குப் போனது, தொலைபேசி எண் அடுத்த புலத்துக்குப் போனது. எல்லாமே டெக்ஸ்ட் என்பதால் எர்ரர் வரவில்லை. கடைசியில் மிஞ்சியதை லோடர் (ஃபைலை டேபிளில் ஏற்றும் புரோகிராம்) வெட்டிவிட்டு ஒரு வார்னிங் மட்டும் போட்டது. அதை நான் படிக்கவில்லை.

டேட்டாவில் வரவே வராத எழுத்து என்று ஒன்று கிடையாது. வந்துவிட்டால் அதை எப்படிக் காப்பது என்ற விதிதான் முக்கியம். 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சிஎஸ்விக்கு (கமாவால் பிரித்த ஃபைல்) அந்த விதியைச் சொல்கிறது: மதிப்புக்குள் கமா, டபுள் கோட், வரிமுறிவு எது இருந்தாலும் முழு மதிப்பையும் டபுள் கோட்டுக்குள் வை, உள்ளே இருக்கும் கோட்டை இரண்டாக எழுது. ‘அவர் "சரி" என்றார்’ என்பது ஃபைலில் "அவர் ""சரி"" என்றார்" ஆகும். இதை இரு பக்கமும் மதித்தால் கமாவே போதும்.

டேட்டாபேஸிலிருந்து டேட்டாபேஸுக்கு என்றால் நான் டேப்தான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் காப்பி கட்டளை, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் லோட் டேட்டா கட்டளை இரண்டுக்கும் அதுதான் டீஃபால்ட். மதிப்புக்குள் டேப் வந்தால் பேக்ஸ்லாஷ் போட்டுக் காக்கும் பழக்கமும் இரண்டுக்கும் உண்டு. ஆனால் போஸ்ட்கிரெஸ் பூலியனை (உண்மை/பொய் மதிப்பை) ஒற்றை எழுத்தாக இறக்கும். எதிர்ப்பக்கம் 1, 0 எதிர்பார்த்தால் முன்பே மாற்றிவிடுங்கள். ஆஸ்கி என்ற எழுத்துப் பட்டியலில் 31ஆம் எழுத்து புலங்களைப் பிரிப்பதற்கென்றே இருக்கிறது. எடிட்டரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால், டபுள் கோட் விதியே புரியாத பழைய லோடர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

டெலிமிட்டரைவிட என்னை அதிகம் படுத்தியது ‘நல்’ (null), அதாவது மதிப்பே இல்லாத நிலை. போஸ்ட்கிரெஸ் சிஎஸ்வியில் வெறும் இரண்டு கமாவுக்கு நடுவே ஒன்றும் இல்லாவிட்டால் நல்; நடுவே "" இருந்தால் காலி டெக்ஸ்ட். அந்த ஃபைலை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து சேவ் செய்தாலே இந்த வேறுபாடு அழிந்துவிடும். அதனால் ஏற்ற வேண்டிய ஃபைலை அதில் திறக்கவே மாட்டேன், பார்க்க வேண்டுமென்றால் நகல் எடுத்துப் பார்ப்பேன்.

ஏற்றியதும் ஃபைலின் வரிகளை எண்ணுவதில்லை. மதிப்புக்குள் வரிமுறிவு இருந்தால் அந்தக் கணக்கு தப்பும். இரண்டு டேபிளிலும் மொத்த ரோ எண்ணிக்கை, ஒவ்வொரு புலத்திலும் எத்தனை நல், கடைசிப் புலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். புலம் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் கடைசிப் புலத்தில் தெரிந்துவிடும்.