வயர் முதலில், பிளக் பிறகு: பழைய லான்சருக்கு எதை வாங்கலாம்?

மழை பெய்த காலைகளில் மட்டும் என் பழைய மிட்சுபிஷி லான்சர் கார் நடுங்கும். ஸ்டார்ட் எடுத்துவிடும், ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிவது ஸ்டியரிங்கில் தெரியும். வெயில் ஏறியதும் சரியாகிவிடும். பெட்ரோலுக்குத் தீ மூட்டும் ஸ்பார்க் பிளக்தான் காரணம் என்று நாலையும் மாற்றினேன், அதுவும் இரிடியம். அடுத்த மழையில் அதே நடுக்கம். கோளாறு பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரில் இருந்தது.

முதலில் உங்கள் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆல்டிஸ், சிவிக் போன்ற புதிய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் (மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் சுருள்) உட்கார்ந்திருக்கும், வயரே கிடையாது. அந்தக் கார் வைத்திருப்பவர்கள் காரின் கையேட்டில் போட்டிருக்கும் அதே பிளக்கை வாங்கினால் போதும். 2000-களில் வந்த 1.6 லான்சரில் இரண்டு காயில், இரண்டு வயர். ஒரு காயில் ஒரே நேரத்தில் இரண்டு பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும்: ஒன்றுக்கு நேராகவும் மற்றதற்கு வயர் வழியாகவும். இந்த ஏற்பாடு பிளக் தேர்வையே மாற்றிவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இன்னும் பழைய, டிஸ்ட்ரிபியூட்டர் (ஒரே காயிலின் மின்சாரத்தை முறைவைத்து நாலு பிளக்குக்கும் பங்கிடும் கருவி) வைத்த கார் என்றால் நாலு பிளக்குக்கு நாலு வயர், நடுவில் காயிலுக்கு ஒன்று.

வயரில் மூன்று ரகம் பார்க்கலாம். காரோடு வந்தது பெரும்பாலும் கார்பன் ஊறிய நூலிழை வைத்தது. விலை குறைவு, ரேடியோவில் இரைச்சல் வராது, ஆனால் வயதானால் உள்ளே இழை அறுந்து மின்தடை ஏறும். இரண்டாவது, மெல்லிய கம்பியைச் சுருள்சுருளாகச் சுற்றியது. என்ஜிகே விற்கும் சிலிகான் வயர்கள் இந்த வகை. தடை குறைவு, உழைப்பு அதிகம், இரைச்சலையும் அந்தச் சுருளே அடக்கிவிடும். மூன்றாவது, தடையே இல்லாத வெறும் செம்புக் கம்பி, பளிச்சென்ற நிறத்தில், தடிமனாக, ‘ரேசிங்’ என்ற பெயரில் வருவது. இதை வாங்காதீர்கள். தடை இல்லாவிட்டால் ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு சின்ன ரேடியோ நிலையம் மாதிரி இரைச்சலைக் கக்கும். ரேடியோ கரகரப்பது மட்டுமில்லை, என்ஜின் கணினியும் குழம்பும். ஐரோப்பிய கார்களிலும் செம்பு வயர் உண்டு. அவற்றில் முனை மூடிக்குள் தடை வைத்திருப்பார்கள், அது வேறு கதை.

நம் சிங்கப்பூரில் என் வாக்கு இரண்டாவது ரகத்துக்கு. பானெட்டுக்குள் நாள் முழுக்கச் சூடு, வெளியே டிசம்பர் மழையின் ஈரம். இறுகிப்போன ரப்பரில் மயிரிழை வெடிப்பு விட்டால் ஈரம் புகுந்துகொள்ளும். மின்சாரம் பிளக்கைத் தேடிப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவும். என் வயரின் முனையில் பிளக்கை மூடும் மூடி ரப்பரைப் பிளந்து பார்த்தபோது உள்சுவரில் பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு, மேலிருந்து கீழ்வரை. பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேலும் அதற்கு நேராக அதே கோடு. பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய்த் துகள் ஒட்டிய கறைதான் அது. நெட்டுக்குத்தான கறுப்புக் கோடுதான் ஆபத்து.

வீட்டிலேயே சோதிக்க வழி உண்டு. இருட்டான இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, வயர்மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி கண்ணுக்குத் தெரியும். கையால் மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

இப்போது பிளக். பக்கத்து புளோக் தம்பி என்னிடம் கேட்டது: “அண்ணே, இரிடியம் போட்டா பிக்கப் ஏறும்ங்கிறாங்களே, நிஜமா?” புதிய நிக்கல் பிளக்கோடு ஒப்பிட்டால் ஏறாது, தம்பி. நிக்கலின் நடு முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன், டென்சோவின் இரிடியம் பவரில் 0.4, என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸில் 0.6. மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த மின்னழுத்தத்திலேயே தாவும். களைத்த காயிலுக்கு அது உதவி. மற்றபடி லாபம் ஆயுளில்தான்: நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,400-ஐத் தாண்டி.

ஆனால் நான் ஏமாந்தது இந்த ஆயுள் கணக்கில்தான். 30,000 கி.மீ. கழித்து நாலு பிளக்கையும் கழற்றித் தமிழ் முரசு நாளிதழின்மேல் வரிசையாக வைத்தேன். நாலிலும் இரிடிய முனை ஊசியாக அப்படியே இருந்தது. இரண்டில் மட்டும் எதிரே வளைந்து நிற்கும் பட்டை குழிந்து போயிருந்தது. காரணம் அந்த இரட்டைப் பொறி ஏற்பாடு. ஒரே காயிலில் தொங்கும் இரண்டு பிளக்கில் ஒன்றில் மின்சாரம் எதிர்த்திசையில் பாயும். அங்கே தேய்வது நடு முனை இல்லை, வளைந்த பட்டை. ஐஎக்ஸிலும் பவரிலும் அந்தப் பட்டை வெறும் நிக்கல். ஆகவே இப்படிப்பட்ட காருக்கு இரண்டு பக்கமும் விலையுயர்ந்த உலோகம் பதித்ததை வாங்க வேண்டும்: என்ஜிகே லேசர் இரிடியம், அல்லது பட்டையில் பிளாட்டினம் முனை வைத்த டென்சோ இரிடியம் டிடி. பெட்டியில் ‘இரிடியம்’ என்று மட்டும் பார்த்து எடுத்தால் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

செலவுக் கணக்கு இப்படி. சிஓஇ-யை, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை, 5 வருஷத்துக்குப் புதுப்பித்தேன். அதற்குப் பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது, ஸ்கிராப்தான். வருஷத்துக்கு 15,000 வீதம் மிச்சம் 75,000 கி.மீ. நிக்கலை 20,000-க்கு ஒருமுறை மாற்றினால் நாலு செட், 16 பிளக். நான் வாங்கிய விலையில் நாலு நிக்கலின் காசில் ஒரு நல்ல இரிடியம். ஆக, பொருளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே செலவு. மாற்றும் கூலி யாருக்கு என்பதே கேள்வி. சொந்தக் கையால் மாற்றுகிறவர் நிக்கலே போடலாம். அடிக்கடி கழற்றிப் பார்ப்பதால் இன்ஜினின் உடல்நிலையும் தெரியும். வொர்க்ஷாப்புக்குப் போகிறவர் இரண்டு பக்கமும் விலையுயர்ந்த உலோகம் பதித்த இரிடியம் போடுங்கள். மாற்ற மறந்த நிக்கல்தான் எல்லாவற்றையும்விடக் கேடு: தேயத் தேய நடு முனைக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளி விரியும், தாவ அதிக மின்னழுத்தம் கேட்கும், அந்தச் சுமை வயர் ரப்பர்மேலும் காயில்மேலும் இறங்கும்.

என்ஜிகேயா டென்சோவா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டும் ஜப்பானின் ஐச்சி மாநிலத்துக் கம்பெனிகள், இரண்டும் தரம். வெப்ப எண்ணை மட்டும் கவனியுங்கள், பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைச் சொல்வது அது. என்ஜிகே 6-க்குச் சமம் டென்சோ 20. இரண்டிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி. போஷில் தலைகீழ்: எண் ஏறினால் சூடு. என்ஜிகே பிளக்கின் மேல் பிகேஆர்6இ-11 என்றிருந்தால் கடைசி 11, இடைவெளி 1.1 மி.மீ. என்பதைச் சொல்கிறது.

வாங்குவது ஜாலான் புசார் பக்கம் உதிரிபாகக் கடைகளில் நேரில் போய். இணையத்தில் மலிவாக ஒருமுறை வாங்கிய செட் போலி. வாஷர் விரலால் சுழற்றியதும் கழன்று வந்தது. அசலில் அது அப்படி எளிதாகக் கழன்று வராது.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். வயரை இழுக்காமல் மூடியைப் பிடித்துத் திருகிக் கழற்றுங்கள். புதிய பிளக்கைக் கையாலேயே கடைசிவரை சுற்றி, வாஷர் அமர்ந்ததும் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மி.மீ. திருகுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். திருகுக்கு கிரீஸ் வேண்டாம், அது அளவுக்கு மீறி இறுக வைக்கும். சிலிகான் கிரீஸ் மூடி ரப்பரின் உள்ளே மட்டும், மெல்லிய பூச்சாக.