டிவில ரெக்கார்ட் பண்ண பழைய கேசட்டை டிஸ்க்குக்கு மாத்த காம்போ ரெக்கார்டர் வாங்கலாமா?

விஎச்எஸ் வீடியோ கேசட் ஓட்டுற டெக்கும் டிவிடி ரைட்டரும் ஒரே பெட்டிக்குள்ள இருக்குற காம்போ ரெக்கார்டர் பத்திதான் இந்த ரிவ்யூ. அதுலயும் குடும்ப வீடியோ மாத்துறதுக்கு இல்ல, டிவில ஓடுறப்போ நாமளே வீட்ல ரெக்கார்ட் பட்டனை அமுக்கி புடிச்சு வச்ச நிகழ்ச்சிகளை மாத்துறதுக்கு. ரெண்டும் ஒரே வேலைதானேன்னு தோணும், ஆனா இல்லைங்க. நம்ம சொந்த வீடியோன்னா காசு வாங்கிட்டு மாத்தித் தர நிறைய பேர் இருக்காங்க, டிவி நிகழ்ச்சின்னு சொன்ன உடனே காப்பிரைட் விஷயம் நமக்கு வேண்டாம்னு பல பேர் கேசட்டையே கையில வாங்க மாட்டாங்க. அதனால இந்த வேலையை நாமளே உக்காந்து பண்றதுதான் வழி. வீட்ல பாக்க ரெக்கார்ட் பண்றது தப்பான்னு கேக்குறவங்களுக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-லயே சோனி பீட்டாமேக்ஸ் வழக்குல, அப்புறமா பாக்குறதுக்காக வீட்ல ரெக்கார்ட் பண்றது தப்பில்லைன்னு சொல்லிருச்சு, மத்த நாட்டுல சட்டம் வேற வேற மாதிரி இருக்கும், உங்க ஊர் சட்டம் என்னன்னு பாத்துக்கோங்க.

என்னோட முடிவை முதல்லயே சொல்லிடுறேன். வாங்கலாம், தாராளமா வாங்கலாம், ஆனா ஒரு பெரிய குறை இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும். என்கிட்ட இருக்குற பெட்டி எந்தக் கம்பெனின்னு எழுதல, ஏன்னா நான் சொல்லப் போற குறை இந்த ரக பெட்டி பலதுலயும் கூடக்குறைய இருக்குறதுதான்.

புதுசு கிடைக்காது. விசிஆர், அதாவது வீடியோ கேசட் ரெக்கார்டர் செஞ்சுட்டு இருந்த கடைசி கம்பெனி ஜப்பானோட ஃபுனாய், அவங்களும் 2016 ஜூலைல நிறுத்திட்டாங்க. இப்ப கைக்கு வர்றது எல்லாமே செகண்ட் ஹேண்ட், உள்ள இருக்குற ரப்பர் ரோலர், பெல்ட் எல்லாம் இறுகிப் போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதனால வாங்கின உடனே ஆசையா வச்சிருந்த கேசட்டை உள்ள தள்ளிடாதீங்க. போனா போகுதுன்னு ஒரு கேசட்டைப் போட்டு கொஞ்ச நேரம் ஓட்டுங்க, ரீவைண்ட் பண்ணுங்க, வெளிய எடுங்க, ஓரத்துல இருக்குற சின்ன பட்டனை அமுக்கி மூடியைத் தூக்கி டேப்பைப் பாருங்க. ஓரம் மடங்கியிருந்தாலோ நெளிஞ்சிருந்தாலோ அந்தப் பெட்டி ரிப்பேர் பண்ற வரைக்கும் வேற எந்த கேசட்டும் அதுக்குள்ள போகக் கூடாது.

நல்ல விஷயம் என்னன்னா வேலை அவ்ளோ சுலபம். இந்தப் பக்கம் கேசட், அந்தப் பக்கம் வெறும் டிஸ்க், காப்பி பட்டன், அவ்வளவுதான். கேபிள் குத்த வேண்டாம், டிரைவர் தேட வேண்டாம், கம்ப்யூட்டர் நடுவுல ஹேங் ஆகுமோங்கற பயம் வேண்டாம். மூணு மணி நேர கேசட்டுக்கு மூணு மணி நேரம் ஆகும், அதுல குறுக்கு வழி கிடையாது. டெக்ல இருந்து வர்ற படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏத்துற, யூஎஸ்பில குத்துற கேப்சர் குச்சியும் பயன்படுத்திப் பாத்திருக்கேன், விலை கம்மிதான், ஆனா ஈஸிகேப்னு பேர் போட்டு வர்றதுல வெளிய ஒரே டிசைனா இருக்கும், உள்ள இருக்குற சிப் ஆளுக்கு ஒண்ணா இருக்கும், எது வருதுங்கறது நம்ம அதிர்ஷ்டம். பழைய டேப்ல சிக்னல் தள்ளாடும்போது குச்சி சில ஃப்ரேமை விட்டுடும், விட்ட ஃப்ரேம் எல்லாம் சேர்ந்து சேர்ந்து கடைசில வாய் அசையறது ஒரு நேரம் சத்தம் வர்றது ஒரு நேரம்னு ஆயிடும். என் காம்போல அந்தப் பிரச்சனை ஒரு தடவை கூட வரல, நிகழ்ச்சி ஆரம்பத்துல இருந்து முடியிற வரைக்கும் பேச்சும் உதடும் ஒட்டியே போகுது. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.

படம் எப்படி இருக்கும்னா, கேசட்ல என்ன இருக்கோ அதுதான் வரும், டிஸ்க்குக்குப் போயிட்டதால பளிச்சுன்னு ஆயிடாது. விஎச்எஸ்ல குறுக்கு வாக்குல கிடைக்கிற தெளிவே 240 லைன் பக்கம்தான். ஆனா எந்த மோட்ல காப்பி பண்றீங்கங்கறது முக்கியம். சாதாரண 4.7 ஜிபி டிஸ்க்ல எக்ஸ்பி மோட்ல ஒரு மணி நேரம், எஸ்பில ரெண்டு, எல்பில நாலு, ஈபில ஆறு மணி நேரம் புடிக்கும். ஒரே டிஸ்க்ல எல்லாத்தையும் அடைச்சிடலாம்னு ஆசை வரும், வேண்டாங்க. பழைய டேப்ல இருக்குற புள்ளி புள்ளி இரைச்சல் இருக்கே, அதையும் படம்னு நினைச்சுக்கிட்டு ரெக்கார்டர் அதுக்கும் இடம் ஒதுக்கும், எல்பி ஈபில இருக்குற கொஞ்ச இடத்தையும் அதுவே தின்னுட்டா முகம் எல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு நிக்கும். செய்தி வாசிக்கிறவங்க தலை அசைக்காம உக்காந்திருந்தா பரவாயில்ல, ஆட்டம் பாட்டம்னா தாங்காது. நான் எஸ்பிக்குக் கீழ போறதே இல்ல. சிக்கல் என்னன்னா ஈ-180 கேசட் மூணு மணி நேரம், எஸ்பி டிஸ்க் ரெண்டு மணி நேரம், அதனால ஒரு நிகழ்ச்சி முடியிற இடம் பாத்து நிறுத்திட்டு அடுத்த டிஸ்க் போட்டுக்கணும். சில பெட்டில எஃப்ஆர்னு ஒரு மோட் இருக்கும், எவ்ளோ நேரம்னு நாம சொன்னா டிஸ்க் நிறையுற அளவுக்கு அதுவே தரத்தை வச்சுக்கும், ரெண்டேகால் ரெண்டரை மணி நேர விஷயத்துக்கு அது அருமை.

இப்ப அந்தக் குறை. காப்பி ஓடிட்டு இருக்கும், பாதி நிகழ்ச்சில திடீர்னு நின்னுடும், திரைல இது காப்பி பண்ணக் கூடாத கேசட்னு ஒரு வரி வரும். அட, இது டிவில இருந்து நான் புடிச்சது, இதுல எங்க இருந்து பூட்டு வந்துச்சு? காரணம் இருக்கு. கம்பெனிக்காரங்க படம் போட்டு வித்த கேசட்ல காப்பி பண்ண விடாம மேக்ரோவிஷன்னு ஒரு பாதுகாப்பு போடுவாங்க, படம் தெரியுற பகுதிக்கு மேல கண்ணுக்குத் தெரியாத சில வரிகள்ல துடிப்பு மாதிரி சிக்னல் செருகி வச்சிருப்பாங்க, ரெக்கார்டர் அந்த இடத்தைப் பாத்துட்டுதான் விடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும். தேஞ்சு போன வீட்டு கேசட்ல அதே இடத்துல இரைச்சல் வந்தா இதுவும் அதுதான்னு பெட்டி தப்பா முடிவு பண்ணிடுது. ரொம்ப தடவை போட்டுப் பாத்த கேசட்லயும், எல்பி ஈபி ஸ்பீட்ல (டிஸ்க் மோட் இல்ல, கேசட்டுக்கும் அதே பேர்ல இருக்குற, டேப்பை மெதுவா ஓட்டி ஜாஸ்தி நேரம் புடிக்கிற ஸ்பீட்) புடிச்ச கேசட்லயும்தான் இது அதிகமா நடக்குது, அதாவது நாம எந்த நிகழ்ச்சியை ஆசை ஆசையா திரும்பத் திரும்ப பாத்தோமோ அதுவேதான் காப்பி ஆக மாட்டேங்குது. ராத்திரி போட்டுட்டு தூங்கி காலைல வந்து பாத்தா இருபது நிமிஷத்துல நின்னு போயிருக்கும், அந்த டிஸ்க்கும் வீண். என் பெட்டியோட கையேட்டுல இதைப் பத்தி ஒரு வரி இல்ல, சர்வீஸ்ல கேட்டா கேசட் சரியில்லங்கறாங்க. கேசட் சரியில்லாததாலதானே மாத்தவே நினைக்கிறோம், எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு.

சில சமயம் சின்ன வைத்தியத்துலயே சரியாகுது. கேசட்டை ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டி முழுசா ரீவைண்ட் பண்ணிட்டுப் போடுங்க, டேப்ல இருக்குற பதிவுக்கு நேரா ஹெட்டைக் கொண்டு வர்ற டிராக்கிங்கை ஆட்டோல விடாம கையால ஒரு பக்கமா தள்ளி மேல வர்ற கோடு காணாமப் போற இடத்துல நிறுத்துங்க. மெனுல நீலத் திரைன்னு ஒரு செட்டிங் இருந்தா அதை முதல்ல ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா சிக்னல் ஒரு நொடி தடுமாறினாலே டெக் மொத்தப் படத்தையும் மறைச்சு நீலமா காட்டும், அந்த நீலமே உங்க டிஸ்க்குலயும் ஏறிடும். அதே மெனுல ஆடியோவும் பாத்துக்கோங்க, ஹைஃபை சத்தம் விட்டு விட்டு கொர்ர்ருன்னு வந்தா சாதா மோனோவுக்கு மாத்திடுங்க, டேப் ஓரத்துல தனி ட்ராக்ல அதே சத்தம் இருக்கும், கொஞ்சம் மந்தமா இருந்தாலும் அறுபடாம வரும்.

அப்படியும் பூட்டு விழுந்தா காம்போவால அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா டெக்ல இருந்து ரைட்டருக்குப் போற வழி பெட்டிக்குள்ளயே இருக்கு, நடுவுல நாம எதையும் வைக்க முடியாது. தனி டெக், தனி ரெக்கார்டர்னு வச்சிருக்கவங்களுக்கு அந்த வசதி உண்டு. டைம் பேஸ் கரெக்டர்னு ஒரு கருவி இருக்கு, டேப் தள்ளாடும்போது ஒவ்வொரு வரியும் இடம் மாறி, நேரா இருக்க வேண்டிய கதவு ஜன்னல் எல்லாம் தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி நெளியுமே, அதை வரி வரியா நிமித்தி அனுப்பும். ஒரு முழு ஃப்ரேமையும் வாங்கி புதுசா சிக்னல் போட்டு அனுப்புற ரகமும் இருக்கு, இந்தப் பொய்ப் பூட்டுக்கு மருந்து அதுதான், ஆனா விலை தாங்காது. பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 ரெண்டு டிவிடி ரெக்கார்டரையும், ரெக்கார்ட் பண்றதுக்கு இல்லாம, நெளிசலை நிமித்துறதுக்காகவே நடுவுல வச்சு ஓட்டுறவங்க நிறைய. டெக்ல எஸ்-வீடியோ அவுட் இருந்தா மஞ்சள் கேபிளை விட்டுட்டு அதையே போடுங்க, வெளிச்சமும் கலரும் தனித்தனியா வர்றதால எழுத்து ஓரத்துல ஊர்ற புள்ளிகள் குறையும்.

கேசட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஜன்னல் வழியா பாக்கும்போது டேப் சுத்துல வெள்ளையா மாவு படிஞ்சிருந்தா அது பூஞ்சை, அந்த கேசட்டை உள்ள போட்டா டெக்கும் கெட்டு, அடுத்து போடுற கேசட்டுக்கும் ஒட்டிக்கும். அதைத் தனியா எடுத்து வச்சிடுங்க, தெரிஞ்சவங்க பாக்கட்டும். படம் மங்கி மங்கி வந்தா பெரும்பாலும் டேப்பைப் படிக்கிற ஹெட்ல அழுக்கு. பஞ்சு சுத்துன குச்சியால துடைக்காதீங்க, நூல் ஹெட்ல மாட்டி உடைச்சிடும். நூல் பிரியாத மெல்லிசான தோல் துண்டுல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்சு ஹெட் இருக்குற உருளையான டிரம் மேல ஒட்டிப் புடிச்சுக்கிட்டு டிரம்மைத்தான் கையால மெதுவா சுத்தணும், மேலயும் கீழயும் தேய்க்கவே கூடாது.

இன்னொண்ணு மனசாரக் கேட்டுக்கிறேன், விளம்பரத்தை வெட்டாதீங்க. காம்போல எடிட் வசதி இருக்கறதால நிகழ்ச்சியை மட்டும் வச்சுக்கலாம்னு கை பரபரக்கும். நிகழ்ச்சி வேற எங்கயாவது யார்கிட்டயாவது கிடைச்சாலும் கிடைக்கும், நடுவுல வந்த விளம்பரம், அடுத்து என்னன்னு சொல்ற அறிவிப்பு, நிகழ்ச்சி தாமதம்னு கீழ ஓடுன எழுத்து, இதெல்லாம் சேனல்காரங்களே வச்சிருக்க மாட்டாங்க. பல சேனல்ல டேப் விலை அதிகம்னு பழைய நிகழ்ச்சி மேலயே புதுசு எழுதியிருக்காங்க, பிபிசியே 1960, 70-கள்ல அப்படி நிறைய அழிச்சிருச்சு. அமெரிக்காவுல மரியன் ஸ்டோக்ஸ்னு ஒரு அம்மா 2012-ல சாகுற வரைக்கும் பல வருஷம் ராத்திரி பகலா டிவி செய்தியை வீட்லயே ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்தாங்க, கிட்டத்தட்ட 70,000 கேசட், இன்னைக்கு அது இன்டர்நெட் ஆர்கைவ் கைல இருக்கு. அவ்ளோ வேண்டாம், உங்க அலமாரில இருக்குற பத்து கேசட்லயும் வேற எங்கயும் இல்லாத அரை மணி நேரம் கண்டிப்பா இருக்கும்.

டிஸ்க் முடிஞ்சதும் ஃபைனலைஸ், அதாவது மத்த ப்ளேயரும் படிக்கிற மாதிரி டிஸ்க்கை மூடுற வேலையைப் பண்ணணும், பண்ணலன்னா வேற ப்ளேயர்ல ஓடாது, அந்தப் பெட்டி ஒருநாள் படுத்துட்டா டிஸ்க்ல இருக்குறதை எடுக்குறது பெரும்பாடு. மேல பேப்பர் லேபிள் ஒட்டாதீங்க, டிஸ்க் வளைஞ்சிடும், அதுக்குன்னு இருக்குற மென்மையான பேனாவால எழுதுங்க. எழுதுற டிஸ்க்ல சாயம்தான் டேட்டாவைத் தாங்குது, வெயில் சூடு பட்டா அது மங்கிடும், அதனால டிஸ்க்கோட நிறுத்தாதீங்க. அன்னைக்கே கம்ப்யூட்டர்ல போட்டு டிஸ்க்ல படமும் சத்தமும் இருக்குற விஓபி ஃபைலை அப்படியே காப்பி பண்ணி ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வைங்க. எம்பி4 ஆக்குறதா இருந்தா தனியா ஒரு காப்பி போட்டு அதுல ஆக்குங்க, ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீங்க. கம்ப்யூட்டர்ல பாக்கும்போது படத்துக்குக் கீழ ஒரு பட்டை துடிச்சிட்டு இருக்கும், பயப்படாதீங்க, ஹெட் மாறுற இடம் அது, பழைய டிவில திரை ஓரம் அதை மறைச்சிடுச்சு, அவ்ளோதான்.

கொஞ்சம் கேசட்தான் இருக்கு, எஸ்பில புடிச்சது, சும்மா உக்காந்து பாக்கணும்னா காம்போ போதும், வேலை முடிஞ்சதும் வித்துடலாம். அலமாரி நிறைய இருக்கு, அதுல பாதி எல்பி ஈபின்னா முதல்லயே தனி டெக், தனி ரெக்கார்டர் பக்கம் போயிடுங்க, காம்போ உங்க பொறுமையை சோதிக்கும். ரெண்டு பேருமே கேசட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, முக்கியமா பொய்ப் பூட்டு விழுந்து பாதில நின்ன கேசட்டை. விஎச்எஸ்-டிகோட்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் முயற்சி நடந்துட்டு இருக்கு, டெக்குக்குள்ள ஹெட்ல இருந்து வர்ற சிக்னலை நேரா புடிச்சு மிச்சத்தை எல்லாம் சாஃப்ட்வேர்லயே பண்றாங்க, அந்த வழில காம்போவோட பூட்டு குறுக்க வர வாய்ப்பே இல்ல. டெக்கைத் திறந்து வயர் ஒட்டணும், எல்லாராலயும் முடியாது, ஆனா என்னோட நின்னு போன கேசட் எல்லாம் அதுக்காகவே தனி பெட்டில நேரா நிக்க வச்சு எடுத்து வச்சிருக்கேன்.