மாங்கன்று நர்சரிக்கு வேர்ட்பிரஸ் பேட்டர்ன்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளியை அடுத்த சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரிகள் நிறைய. அப்படி ஒரு நர்சரியின் வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) தளத்தைப் பல சீசன்களாகப் பார்த்து வருகிறேன். செந்தூரா, பெங்களூரா, நீலம், மல்கோவா, இமாம்பசந்த் என்று ரகத்துக்கு ஒரு பக்கம். அவற்றை நிரப்புவது அங்கே கணக்கு எழுதும் அக்கா. கன்று ஏற்றும் நேரத்தில் வண்டிக்காரர் ஒரு பக்கம், வாங்க வந்தவர் ஒரு பக்கம் நிற்க, நடுவில்தான் அவர் தளத்தைத் திறப்பார். அவர் என்னைக் கேட்காமல் ஒரு பக்கத்தை முடிக்க முடிகிறதா? ஒரு டெம்ப்ளேட் நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பெயர்களே குழப்பும். தலைப்பு, பத்தி, படம் என்று பக்கத்தில் வைக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். டெம்ப்ளேட் என்பது முழுப் பக்கத்தின் அமைப்பு. அதில் 'கன்டென்ட்' பிளாக் இல்லாவிட்டால் பக்கத்தில் எழுதிய எதுவும் வெளியே தெரியாது. பேட்டர்ன் என்பது திரும்பப் பயன்படுத்தச் சேர்த்து வைத்த பிளாக்குகளின் தொகுப்பு. அதில் சாதாரண பேட்டர்ன் ஒரு நகல் மாதிரி. பக்கத்தில் போட்ட பிறகு மூலத்தை மாற்றினாலும் அந்தப் பக்கம் மாறாது. சிங்க்டு பேட்டர்னை ஓரிடத்தில் மாற்றினால், போட்ட எல்லா இடத்திலும் மாறும். 2023 ஆகஸ்டில் வேர்ட்பிரஸ் 6.3 பதிப்பு வரும்வரை ரீயூசபிள் பிளாக் என்று இருந்தது இதுதான்.

தொடர்பு எண், நர்சரிக்கு வரும் வழி, வாட்ஸ்அப் பட்டன் மூன்றும் ஒரே சிங்க்டு பேட்டர்னில் இருக்கின்றன. "தம்பி, நம்பர் மாறிப்போச்சு, எல்லாப் பக்கத்துலயும் மாத்தணுமே" என்று உரிமையாளர் கவலையோடு கூப்பிட்டார். "ஒரே இடத்துலதாண்ணே இருக்கு" என்று சொல்லி, பேசி முடிப்பதற்குள் மாற்றிவிட்டேன்.

ரகப் பக்கம் அவ்வளவு சுலபமாக இல்லை. சாதாரண பேட்டர்னாக வைத்தால், பின்னால் ஒரு வரி சேர்க்க ஒவ்வொரு பக்கமாக ஏறி இறங்க வேண்டும். சிங்க்டு ஆக்கினால் எல்லா ரகத்துக்கும் ஒரே பெயர், ஒரே படம் வந்துவிடும். 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பின் ஓவர்ரைடு (override) வசதிதான் இந்த முடிச்சை அவிழ்த்தது. தலைப்பு, பத்தி, படம், பட்டன் ஆகியவற்றில் எது பக்கத்துக்குப் பக்கம் மாறலாம் என்று குறித்துவிட்டால் போதும். அமைப்பு ஒன்றாகவே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் மாறும். அப்புறம் 'நடவு இடைவெளி' என்று ஒரு வரியை மூலத்தில் சேர்த்தேன். எல்லா ரகப் பக்கத்திலும் அந்த இடம் வந்து நின்றது. எண்களை அக்கா நிரப்பினார். என்னைக் கேட்டால், பிளாக் எடிட்டர் வந்த 2018-க்குப் பிறகு சிறு தளங்களுக்குக் கிடைத்த மிக உபயோகமான வசதி இதுதான்.

மாறக்கூடிய இடங்களைக் குறைவாக வையுங்கள். ரகத்தின் பெயர், படம், காய்க்கும் மாதம், இடைவெளி, இரண்டு வரி விவரம். ரகப் பக்கத்தில் இவ்வளவுதான். சாதாரண பேட்டர்னாக விடுபவற்றில் பிளாக்கைப் பூட்டும் வசதியைப் பயன்படுத்தலாம். நகராது, அழியாது என்று தெரிந்தால் நிரப்புகிறவருக்குக் கை நடுங்காது.

தமிழுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டு, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தயார் தீம்கள் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்புகள்) ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. தலைப்பின் வரி உயரம் 1.2 அளவில் இருந்தால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். முழுத் தளத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் திருத்தும் சைட் எடிட்டரின் ஸ்டைல்ஸ் பகுதியில் 1.5 வைத்தேன், கண்ணுக்கு இதமாக ஆயிற்று. எழுத்து இடைவெளி மைனஸில் இருந்தால் பூஜ்யமாக்கிவிடுங்கள். மாதிரி வாசகத்துக்கு இருப்பதிலேயே நீளமான பெயரைப் போட்டுப் பாருங்கள். 'நீலம்' எந்தப் பெட்டியிலும் அடங்கும். 'இமாம்பசந்த்' போன் திரையில் உடையாமல் நின்றால்தான் அந்தப் பெட்டி உதவும். "வாட்ஸ்அப்பில் கேளுங்கள்" என்ற பட்டனையும் சின்னத் திரையில் சோதித்துவிட வேண்டும்.

ஒரு குறையும் இருக்கிறது. சைட் எடிட்டரில் டெம்ப்ளேட்டில் செய்யும் திருத்தங்கள் அந்தத் தீமோடு கட்டுண்டவை. தீமை மாற்றினால் அவை புதியதில் வராது. பழைய தீமுக்குத் திரும்பினால்தான் தெரியும். நாமே உருவாக்கிய பேட்டர்ன்கள் அப்படி இல்லை, தீம் மாறினாலும் தளத்திலேயே இருக்கும். ஜேசன் (JSON) கோப்பாக இறக்கி வேறு தளத்தில் ஏற்றவும் முடியும். அதனால் முக்கியமானதையெல்லாம் பேட்டர்னில் வைத்து, டெம்ப்ளேட்டைத் தலைப்பு, கன்டென்ட், அடிப்பகுதி என்று மெலிதாகவே விட்டிருக்கிறேன்.