ஃபீட்ரா: இசைத்தட்டா, சிடியா?

மதுரையில் ஆர்மோனியம் பழுதுபார்ப்பது என் தொழில். ஸ்பெஷல் நாடகத்துக்குப் பின்பாட்டு வாசிப்பவர்கள், பஜனை மடத்துக்காரர்கள், ஒன்றிரண்டு தேவாலயங்கள், இவர்கள்தாம் என் வாடிக்கையாளர்கள். ரீடின், அதாவது உள்ளே அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கின், நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும். இந்த இரண்டு சுரண்டலுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. சுருதி நூலளவு விலகினாலும் எனக்குப் பல் கூசும். அந்தக் காதோடு கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

‘ஃபீட்ரா’ 1974 பிப்ரவரியில் வெளிவந்த இசைத்தொகுப்பு. வாசித்தது மேற்கு பெர்லினைச் சேர்ந்த டேன்ஜரின் ட்ரீம் என்னும் மின்னணு இசைக்குழு: எட்கர் ஃப்ரோசே, கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கே, பீட்டர் பௌமன் என்று மூன்று பேர். என் தங்கை மகன்தான் இதை எனக்கு அறிமுகப்படுத்தினான். “மாமா, பாடகர் வருவார் என்று காத்திருக்காதீர்கள். யாரும் வர மாட்டார்கள்” என்று சொல்லி ஹெட்போனை மாட்டிவிட்டுப் போய்விட்டான். நான் கையில் வேலையோடு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் வேலை தானாக நின்றுவிட்டது.

தலைப்புப் பகுதி மட்டும் 17 நிமிடம் 39 விநாடி. தொடக்கத்தில் எங்கிருந்தோ காற்று வீசுவது போன்ற ஓசைகள். பிறகு அடியிலிருந்து தடித்த ஸ்வரங்கள் சில திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கின்றன. விரலால் வாசித்தது அல்ல அது. மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் மூக் சிந்தசைசர் கருவியோடு சீக்வென்சர் என்று ஒரு பகுதி வரும். ஒரு வரிசைக்கு எட்டு என மூன்று வரிசைத் திருகுகள். ஒவ்வொரு திருகும் ஒரு மின்னழுத்தம். ஒவ்வொரு மின்னழுத்தமும் ஒரு ஸ்வரம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். இயந்திரம் எட்டு படிகளையும் வரிசையாகத் தொட்டுவிட்டு மறுபடி முதலுக்கு வரும். வாசிப்பவரின் வேலை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகுகளைத் தொட்டு அதன் குணத்தை மாற்றுவது.

அந்தக் காலத்து மூக் கருவிக்கு ஒரு வியாதி உண்டு. சூடு ஏறினால் சுருதி நிற்காது. 1973 நவம்பரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் உள்ள தி மேனர் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஃப்ராங்கே கருவியைச் சுருதி சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒலிநாடாவும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முதல் பதிவைத்தான் வைத்துக்கொண்டு, அதன்மேல் பாஸ் கிட்டார், புல்லாங்குழல், மெல்லோட்ரான் (நாடாவில் பதிந்த ஒலியைக் கட்டை அழுத்தி வாசிக்கும் கருவி) எல்லாவற்றையும் பிறகு சேர்த்திருக்கிறார்கள். கருவி சூடேறி அந்தத் தடித்த ஸ்வரங்கள் மெல்ல நழுவுவது தட்டில் அப்படியே கேட்கிறது. அழிக்கவில்லை, திருத்தவில்லை.

முதல்முறை அந்த இடம் வந்தபோது என் கை அனிச்சையாகச் சுரண்டியைத் தேடியது. ஆனால் பல் கூசவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆர்மோனியத்தில் ஒரு ரீடு மட்டும் விலகும். மற்றவை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அடித்தளமே நகர்கிறது. நம் காலடியில் தரை நகர, மேலே மிதந்துகொண்டிருக்கும் ஓசைகள் அதற்கேற்ப வேறு அர்த்தம் பெறுகின்றன. இயந்திர இசை என்றால் கடிகாரம் போல ஓடும், உயிர் இருக்காது என்று சொல்கிறவர்களை இந்த இடத்தைக் கேட்கச் சொல்வேன். இதைவிடச் சொல்பேச்சுக் கேளாத வாத்தியத்தை நான் பட்டறையில் பார்த்ததில்லை. பாதியைத் தாண்டியதும் அந்த ஓட்டம் கரைந்துபோகிறது. முடிவில் எங்கோ தொலைவில் குழந்தைகள் விளையாடுவது போன்ற சத்தம்.

பக்கத்துக் கடைத் தம்பி ஒருநாள் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணே, மோட்டார் ஓடுகிறதா?” என்று கேட்டான். அப்படியும் கேட்கலாம், தவறில்லை.

இனி, வாங்குகிற விஷயம். சிடியில் கேட்டு மயங்கியபின் இசைத்தட்டும் வேண்டும் என்று ஆசை வந்தது. உறையில் இருப்பது ஃப்ரோசேயே வரைந்த ஓவியம். பெரிய அட்டையில் பார்க்க வேண்டிய படம்தான். இறக்குமதித் தட்டு என்பதால் விலை கொஞ்சம் கடிக்கத்தான் செய்தது. வந்த தட்டில் நடுத்துளை மையத்தில் இல்லை. தட்டு சுழலும்போது ஊசியைத் தாங்கும் கை இடமும் வலமுமாக ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது. துளை விலகினால் ஊசி ஒரு பாதிச் சுற்றில் வேகமான தடத்திலும் மறுபாதியில் மெதுவான தடத்திலும் ஓடும். சுருதி ஏறி ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்தக் கணக்கில் தாளம் தவறாமல் அசைந்தது. விற்றவரிடம் சொன்னேன். இசைத்தட்டு என்றால் அப்படித்தான் இருக்கும், அதுதான் அதன் இனிமை என்று பதில் வந்தது. எனக்கு அந்த இனிமை வேண்டாம்.

பாட்டும் டிரம்ஸும் நிறைந்த தட்டாக இருந்தால் இந்த அசைவு பலருக்குத் தெரிந்திருக்காது. இங்கே மறைக்க ஒன்றும் இல்லை. அதிலும் இரண்டாம் பக்கத்தில் முதலில் வரும் ‘மிஸ்டீரியஸ் செம்ப்ளன்ஸ் அட் தி ஸ்ட்ராண்ட் ஆஃப் நைட்மேர்ஸ்’ முழுக்க நீண்ட மெல்லோட்ரான் இழுப்பு. பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஃப்ரோசே வாசிக்க, அவருடைய மனைவி மோனிக் ஒலியைச் சுழற்றும் ஃபேசர் கருவியின் திருகுகளை இயக்கியிருக்கிறார்.

மெல்லோட்ரான் பற்றி நான் ஒரு நாள் முழுவதும் பேசுவேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பார்வைக்கு ஆர்கன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா. அதில் உண்மையான வயலின்களோ புல்லாங்குழலோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய எட்டு விநாடியில் தீர்ந்துவிடும். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஆகவே எட்டு விநாடிக்குள் அடுத்த ஸ்வரத்துக்குப் போயாக வேண்டும். துருத்தியில் காற்று தீர்வதற்குள் அடுத்த இழுப்பைத் தொடங்க வேண்டிய எங்கள் ஆட்களுக்கு அந்த அவசரம் புரியும். நாடா சீராக ஓடாததால் மெல்லோட்ரானுக்கும் ஒரு நடுக்கம் உண்டு. ஆனால் அது கணக்கில்லாத நடுக்கம், வயதானவர் குரல் போல. அதன்மேல் துளை விலகிய தட்டின் 1.8 விநாடி ஆட்டத்தையும் ஏற்றினால் எது எவருடைய நடுக்கம் என்றே தெரியாமல் போகிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தொகுப்புக்குச் சிடிதான். மையம் சரியாக இருக்கும் தட்டு கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மூன்றாவது ‘மூவ்மென்ட்ஸ் ஆஃப் எ விஷனரி’ எனக்குச் சுமார்தான். கிசுகிசுப்போடு நன்றாகத் தொடங்கி, பிறகு போகுமிடம் தெரியாமல் கொப்பளித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் வரும் ‘சீக்வென்ட் சி’ இரண்டே கால் நிமிடம்கூட இல்லை. பௌமனின் புல்லாங்குழலை நாடா எதிரொலி அடுக்கடுக்காகத் திருப்பிச் சொல்கிறது. இதைப் பத்து நிமிடம் நீட்டியிருந்தால் யார் கோபித்துக்கொண்டிருப்பார்கள்?

இதிலிருந்து புராகிரசிவ் ராக் என்னும் நீண்ட, சிக்கலான ராக் இசைப் பக்கம் போனதும் மெல்லோட்ரானைப் பிடித்துக்கொண்டுதான். 1969இல் வந்த கிங் கிரிம்சனின் முதல் தொகுப்பில் அது புயல் மாதிரி வருகிறது. அங்கே டிரம்ஸும் பாட்டும் சேர்ந்துகொள்கின்றன. பிங்க் ஃபிளாய்டின் 1973 தொகுப்பில் ‘மணி’ (Money) என்ற பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாபு போட்டுப் பார்த்தேன், பொருந்தி நின்றது. கிட்டார் தனி வந்ததும் நாலுக்கு மாறிவிடுகிறார்கள், அது எனக்கு ஏமாற்றம். யெஸ் (Yes) குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ 1972இல் வந்தது; அதில் லண்டன் தேவாலயம் ஒன்றின் பெரிய குழாய் ஆர்கனை ரிக் வேக்மன் வாசிக்கிறார். அந்த இடத்துக்காக மற்ற எல்லா ஆரவாரத்தையும் மன்னித்துவிட்டேன். விரல் வேகத்தைக் காட்டுவதே வேலையாகக் கொண்ட குழுக்களும் உண்டு. அவர்களை என்னால் பத்து நிமிடத்துக்குமேல் தாங்க முடியவில்லை.

கேட்பதற்கு ஹெட்போன் போதும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். அடித்தள ஸ்வரங்கள் காணாமல் போய், கொசுவும் காற்றும்தான் மிஞ்சும். டேன்ஜரின் ட்ரீமின் அந்தக் கால ஒலிப்பதிவுகளைச் சேர்த்து 2019இல் ஒரு பெட்டித் தொகுப்பு வந்திருக்கிறது. ஆங்கில இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பழைய பதிவின் ஒலிகளைப் புதிதாகக் கலந்து மிக்ஸ் செய்த ‘ஃபீட்ரா’வும் அதில் உண்டு. முதல்முறை கேட்பவர்களுக்கு அவ்வளவு செலவு வேண்டாம், சாதாரணச் சிடியே போதும். பிடித்துப்போனால் 1975இல் வந்த ‘ரூபிகான்’ வாங்குங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாகங்கள். வேலைப்பாட்டில் ‘ஃபீட்ரா’வைவிடச் சுத்தம், சுருதியும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் பட்டறையில் நான் அதிகம் போடுவது ‘ஃபீட்ரா’தான்.