கண்டனமா, 1098-ஆ?

புதுச்சேரி கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுமியை, கையிலிருந்த பஞ்சுமிட்டாயைத் தின்ன விடாமல், "இன்னொரு வாட்டி, சிரிச்சிக்கினே வாம்மா" என்று தாய் மூன்று முறை நடக்க வைத்துப் படம்பிடித்தார். மூன்றாம் முறை மிட்டாய் சுருங்கி விரல்களில் ஒட்டியிருந்தது. சமூக ஊடகங்களில் பெற்றோர் பதிவிடும் இத்தகைய குழந்தை வளர்ப்புக் காணொளிகளைக் கண்டு கவலைப்படுபவர் பொதுவெளியில் கண்டிக்கலாம், அல்லது உரிய இடத்தில் முறையிடலாம்.

கண்டிப்பது எளிது, சில பெற்றோரை அது யோசிக்கவும் வைக்கும். ஆனால் திட்டுவதும் பதிவின் வீச்சைக் கூட்டவே செய்கிறது. குழந்தையின் அழுகையை வெட்டியெடுத்துத் தாயைக் கேலி செய்பவரும் அதே முகத்தைத்தான் மேலும் பரப்புகிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் அந்தச் சிறுமியே அதையெல்லாம் வாசிப்பாள்.

1098 என்ற குழந்தைகள் உதவி எண் கட்டணமின்றி, 24 மணி நேரமும் இயங்குகிறது. அடி, அச்சுறுத்தல், புறக்கணிப்பு ஆகியவை தெரிந்தால் அதுவே முறை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்குகிறது. மூன்று முறை நடக்க வைத்தது அதில் அடங்காது என்றே நினைக்கிறேன். இவ்வூருக்குப் பழைய உறவான பிரான்சு, 2020-இல் இயற்றிய சட்டத்தின் மூலம், காணொளியில் தோன்றும் குழந்தையின் வருமானத்தைப் பாதுகாக்கவும், பதிவை நீக்குமாறு குழந்தையே கோரவும் வழி செய்தது. இங்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை.

ஆகவே ஆபத்து தெரிந்தால் 1098-ஐ அழைப்பேன். மற்றவற்றுக்கு, எதையும் பகிராமல் பெற்றோருக்குத் தனிச்செய்தி எழுதுவேன், பதில் வருவது அரிது என்றாலும்.